காலிமுகத்திடலில் ஒரு ஞாயிறு மாலை

உண்மையைச் சொன்னால் நான் கொழும்பின் காலிமுகத்திடலுக்கு, அதாவது கோல்ஃபேஸுக்கு, போவது இறால் வடைக்காகத்தான். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். வெயில் தாழ்ந்த பிறகுதான் போக வேண்டும். ஒதுங்க ஒரு மரநிழல் கிடைக்காது.

2018இல் ஒரு ஞாயிறு. வடையை வாங்கிக்கொண்டு கடலோர நடைபாதையில் இருக்கும் கல்வெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை கடந்து போயும் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "என்னத்தைத் தம்பி வாசிக்கிறீர்?" என்று கேட்டார்.

ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கிய நடைபாதை, 1859இல் முடிந்தது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி பின்னால் வருபவர்களிடம் கேட்டிருக்கிறார் என்றேன்.

"எங்கட ஆக்களுக்கு அடிச்சதுக்கும் ஒரு கல்லு வைச்சிருக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

1956 ஜூன் 5 பற்றிப் படித்திருக்கிறேன். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கே சத்தியாக்கிரகம் இருந்ததும், கும்பல் புகுந்து அடித்ததும், அக்கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு நாடாளுமன்றத்துக்குள் போனதும் தெரியும். அந்தப் பழைய நாடாளுமன்றம் திடலின் வடக்கு முனையில் இன்றும் நிற்கிறது. ஆனால் அதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் இருந்த விஷயம். இவருக்கு அது அப்பா வீடு திரும்பிய கதை.

அப்போது அவருக்கு ஒன்பது வயது. அப்பா கந்தோரில் லிகிதர். சத்தியாக்கிரகத்தைப் பார்க்கத்தான் போனாராம், உட்காரக்கூட இல்லை.

"வேட்டியோட போனவர், ஆரோ ஒரு சிங்கள வீட்டுக்காரர் குடுத்த சாரத்தோட வந்தவர். வேட்டியை உரிஞ்சு போட்டாங்கள். அம்மா அந்தச் சாரத்தைத் தோய்ச்சு, மடிச்சு, கொண்டுபோய்க் குடுங்கோ எண்டவ. அப்பாவுக்கு அந்த வீடு எது எண்டு ஞாபகம் வரேல்லை. ரெண்டு மூண்டு தரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாத் திரிஞ்சவர்."

"பிறகு?"

"பிறகென்ன, அலுமாரியில கிடந்தது. எண்பத்திமூண்டுக் கலவரத்தில வீட்டோட போயிட்டுது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த வடையைப் பிய்த்துப் பாதியை நீட்டினேன். மறுக்காமல் வாங்கினார். சுற்றியிருந்தது யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். எண்ணெயில் ஊறி, சிவப்பு மையில் போட்ட சரி அடையாளம் மறுபக்கமும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு சிறுவன் பட்டத்தை ஏற்ற ஓடிக்கொண்டிருந்தான். அது ஏறுவதாக இல்லை.

பொழுது சாயும் நேரம் படையினர் வந்து தேசியக் கொடியை இறக்கினார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் எழும்பவா விடவா என்று யோசித்து முடிக்கும் முன்னரே, பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இடது கையில் பாதி வடை. கொடியை மடித்துக் கொண்டுபோகும் வரை அப்படியே நின்றார்.

திரும்ப இருந்ததும் வடையைப் புரட்டிப் பார்த்தார்.

"முந்தி மூண்டு இறால் வைப்பாங்கள் தம்பி."