9 வயது மகன் ஆங்கிலத்தில் எழுத மறுக்கிறான்: வீட்டுக்கல்வியில் எப்படிக் கையாள்வது?

கேள்வி: வேளச்சேரி அம்மா

அனைவருக்கும் வணக்கம். 9 வயதாகும் என் மகனுக்குச் சென்ற ஆண்டு முதல் வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். நாங்கள் பின்பற்றும் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வாரந்தோறும் ஒரு பத்தி எழுத வேண்டும். அவன் ஆங்கிலப் புத்தகங்களை ஆர்வத்துடன் படிக்கிறான். கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய் வந்தால், விரியனுக்கும் சாரைக்கும் உள்ள வேறுபாடுகளை நாள் முழுவதும் விளக்குகிறான். அதையே எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், வற்புறுத்தினால் அழுகிறான். 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யும் எண்ணம் இருப்பதால் கவலையாக இருக்கிறது. கண்டிப்பைக் கூட்ட வேண்டுமா, சில காலம் விட்டுவிட வேண்டுமா?

பதில்: பெசன்ட் நகர் ஆசிரியை

வணக்கம் சகோதரி. சொல்வதற்கு இவ்வளவு விஷயம் வைத்திருக்கும் பிள்ளை எழுத மறுக்கிறான் என்றால், அதைச் சோம்பல் என்று நான் கருத மாட்டேன். என்ன சொல்வது என்று யோசித்து, அதை வாக்கியமாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டி, நான்கு கோட்டுக்குள் அடங்கும்படி எழுதி, முற்றுப்புள்ளியையும் மறவாமல் வைப்பது என்று அத்தனை வேலைகளையும் ஒரே நேரத்தில் அவனிடம் கேட்கிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஒலியை மட்டும் நம்பி எழுத விடாது: ரஃப், த்ரூ, தோ என்று மூன்று விதமாக ஒலிக்கும் சொற்கள் ஓ-யூ-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. ஒரு சொல்லின் எழுத்துகளைத் தேடி அவன் நிற்கும்போது, மனத்தில் உருவாகியிருந்த வாக்கியமே கலைந்துவிடுகிறது.

ஆகவே, சொல்வதையும் எழுதுவதையும் சில மாதங்களுக்குப் பிரித்துவிடுங்கள். சாரைப்பாம்பைப் பற்றி அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும். நீங்கள் திருத்தாமல், அவன் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை அவன் பார்த்து எழுதட்டும். அது பழகியபின் அதே வாக்கியத்தை நீங்கள் சொல்ல, அவன் பார்க்காமல் எழுதலாம். பிறகு முதல் வாக்கியத்தை அவனும் மீதியை நீங்களுமாக எழுதி, அவன் பங்கை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசனும் (1842–1923) சிறு பிள்ளைகளுக்கு வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லும் பயிற்சியையே முதலில் வைத்தார். தாமாக எழுதும் கட்டம் அதற்குப் பிறகே வந்தது. அதனால் பாடத்திட்டத்தின் வாரக் கணக்கைப் பார்த்து அஞ்சாதீர்கள். சிவப்பு மையையும் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் பெரிய எழுத்து, அடுத்த வாரம் முற்றுப்புள்ளி என்று ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்.

பதில்: அம்பத்தூர் அப்பா

ஆசிரியை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிள்ளை சொல்லச் சொல்லப் பெற்றோர் எழுதும் பழக்கம் சுகமாக இருப்பதால் நீண்டுகொண்டே போய்விடும். கையெழுத்துப் பயிற்சியைத் தனியாக, தினமும் 10 நிமிடம், கதை கட்டுரை எதுவும் கலக்காமல் நடத்துங்கள். எழுதுவதைப் படிக்க அம்மாவைத் தவிர இன்னொருவரும் இருக்கட்டும்: வெளியூரில் இருக்கும் தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டையோ, அவனே வரைந்த பாம்புப் படத்தின் கீழே இரண்டு வரியோ போதும்.

பதில்: அடையாறு அத்தை

முறையை மாற்றும் முன், அவன் எழுதும்போது அருகில் அமர்ந்து கவனியுங்கள் அம்மா. கை விரைவில் வலிக்கிறது என்கிறானா, தாளில் ஓட்டை விழும் அளவுக்கு அழுத்துகிறானா, பல முறை எழுதிய சொல்லையே ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எழுதுகிறானா? இவை தொடர்ந்து இருந்தால் டிஸ்கிராஃபியா என்னும் எழுத்துக் குறைபாடாக இருக்கலாம். அதைக் கண்டிப்பால் சரிசெய்ய இயலாது. இத்தகைய கற்றல் குறைபாடுகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நம் சென்னையிலேயே 1991 முதல் இயங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றுள்ளன. உரிய சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம்.

வேளச்சேரி அம்மா

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தமிழில் எழுதும்போதும் கை வலிப்பதாகச் சொல்வான்; எனவே முதலில் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். ஒரு சந்தேகம்: அவன் ஆங்கிலத்தில் தொடங்கி, வேகம் எடுத்ததும் தமிழுக்கு மாறிவிடுகிறான். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: பெசன்ட் நகர் ஆசிரியை

தாராளமாக எழுதுங்கள். குறுக்கிட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பேச்சும் நின்றுவிடும். முழுவதும் சொல்லி முடித்தபின், தமிழில் வந்த வாக்கியங்களில் அவனுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து, இருவரும் சேர்ந்து ஆங்கிலமாக்குங்கள். மறுநாள் அவன் பார்த்து எழுத வேண்டியதும் அந்த வாக்கியமாகவே இருக்கட்டும். பரிசோதனை முடியும் வரை அதையும் எழுதவைக்காமல், வாய்மொழியாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.