தண்டுவடப் பாதிப்பு: பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு நியாயமான சம்பளம் எப்படி?

கேள்வி (தேவகோட்டை): உதவியாளருக்கு அரசு மாதம் 1,000 தருகிறதாமே? அதை வைத்து எவ்வளவு சம்பளம் பேசலாம்?

பதில் 1 (காரைக்குடி): அந்த 1,000, பராமரிப்பு உதவித்தொகை 2,000-க்கு மேல் கிடைப்பது. சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 38ஆம் பிரிவில் உயர் ஆதரவுத் தேவை (அன்றாட வேலைகளுக்கே அடுத்தவர் உதவி அதிகம் தேவைப்படுவது) மதிப்பீடு கேட்டு மனு கொடுங்கள். சதவீதச் சான்று ஊனத்தின் அளவைத்தான் சொல்லும். தூக்கி உட்காரவைக்க, புரட்டிவிட ஆள் வேண்டும் என்று சொல்லாது. அதை மனுவில் மணிக்கணக்கோடு எழுதுங்கள்.

பதில் 2 (கோட்டையூர்): சம்பளத்தை உதவித்தொகையிலிருந்து தொடங்காதீர்கள், வேலையிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 500 என்றால் 26 நாளுக்கு 13,000. வார விடுமுறை நாலு நாளுக்கு மாற்று ஆள் 2,000. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க மாதம் 1,100 ஒதுக்கணும். மொத்தம் 16,100, அரசுப் பணம் 3,000-ஐயும் இதற்கே கொடுத்தாலும் 13,100 கைக்காசு. இந்தப் பள்ளத்தை உதவியாளர் தலையில் கட்டுவது அநியாயம். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும், அதனால் இரவுத் தங்கலும் வேலைதான், தனிக்கூலி பேசுங்கள்.

பதில் 3: சம்பளத்தை வங்கியில் போடுங்கள். உதவியாளர் 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் அவரை வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள்.