கேமரன் மலைக் குளிரும் பிள்ளைகளின் தூக்கப்பையும்: எங்கள் அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து ஒரு தாய்:

வணக்கம். கோலாலம்பூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அறிந்த குளிரெல்லாம் குளிரூட்டி தரும் குளிர்தான். என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கடந்த டிசம்பரில் இருவரையும் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்று, பிரிஞ்சாங்கிற்கு அருகில் ஒரு முகாம் திடலில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கினோம். முதல் இரவில் நான் செய்த தவற்றை வேறு பெற்றோர் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு கடையில், உள்ளே நுழைந்து ஜிப்பை மூடிப் படுக்கும் தூக்கப்பைகள் (ஸ்லீப்பிங் பேக்) இரண்டு வாங்கினேன். பையின் உறையில் பெரிய எழுத்தில் "-3 டிகிரி" என்று அச்சிட்டிருந்தது. கேமரன் மலையில் இரவில் 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான் குளிரும் என்று அறிந்திருந்ததால், இதுவே தேவைக்கு அதிகம் என்று எண்ணினேன். இரவு மூன்று மணியளவில் மகள் என்னை எழுப்பி, "அம்மா, முதுகு குளிருதும்மா" என்றாள். கால்கள் பனிக்கட்டிபோல் இருந்தன. மிச்சமிருந்த இரவு முழுவதும் அவளை என் பைக்குள் இழுத்து அணைத்தபடியே விழித்திருந்தேன். தம்பி தந்தையோடு ஒட்டிப் படுத்திருந்ததால் அவனுக்கு அவ்வளவு தெரியவில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பையின் உட்புறம் தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது. அதில் மூன்று எண்கள் இருந்தன: சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை 14, அதற்கும் கீழான எல்லை 10, உச்ச அளவு -3. தூக்கப்பைகளை அளக்கும் அனைத்துலகத் தரத்தின்படி, முதல் எண் வயது வந்த ஒரு பெண் குளிரில் சுருண்டு கொள்ளாமல் இயல்பாகத் தூங்கக்கூடிய அளவைக் குறிக்கிறது. இரண்டாவது எண் வயது வந்த ஓர் ஆண் உடலைக் குறுக்கிப் படுத்துச் சமாளிக்கக்கூடிய அளவு. மூன்றாவதோ உயிர் பிழைக்க மட்டுமே போதுமான அளவு. கடைக்காரர்கள் பெரிதாக அச்சிட்டுக் காட்டியது அந்த மூன்றாவது எண்ணைத்தான். மூன்று எண்களுமே பெரியவர்களின் உடலை வைத்துக் கணக்கிடப்பட்டவை. பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம் என்பதால், அவர்கள் உடல் நம்மைவிட விரைவாக வெப்பத்தை இழக்கிறது. எனவே பெரியவர்களுக்குரிய எண்ணை அப்படியே பிள்ளைக்குப் பொருத்திப் பார்ப்பது பிழை என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

எண்ணை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நான் வாங்கியது 215 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரியவர்களின் பை. மகளின் உயரம் 124 சென்டிமீட்டர். தூக்கப்பை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே படுத்திருப்பவரின் உடல் வெப்பத்தைக் காற்றோடு சேர்த்துப் பிடித்து வைக்க மட்டுமே அதனால் முடியும். கால்மாட்டில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெற்றிடம் கிடந்தால், அதில் அடைந்திருக்கும் காற்றையும் அந்தச் சிறிய உடலே சூடாக்க வேண்டியிருக்கிறது. "இரண்டு வருடம் கழித்தும் பயன்படுமே" என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம், பள்ளிச் சீருடைக்குப் பொருந்தலாம், தூக்கப்பைக்குப் பொருந்தாது.

கெப்போங்கிலிருந்து ஒரு பெரியவர்:

மகளே, உங்கள் பிள்ளை "முதுகு குளிருது" என்று சொன்னதை நீங்கள் கடந்து சென்றுவிட்டீர்கள். என் பார்வையில் அதுதான் முக்கியமான செய்தி. நான் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு கம்பளிகள்தான் இருந்தன. மழைக்கால இரவுகளில் அம்மா முதலில் தரையில் கோணிச் சாக்குகளை இரண்டு மூன்றாக மடித்துப் போட்டு, அதன் மேல் பாயை விரித்து, அதற்குப் பிறகுதான் எங்களைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுவார். "மேல போத்துறது பாதி, கீழ போடுறது பாதி" என்பார்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் அவர் செய்தது முற்றிலும் சரி. நாம் படுக்கும்போது தூக்கப்பையின் அடிப்பகுதி உடல் பாரத்தால் நசுங்கி, அதில் காற்று தங்க இடமில்லாமல் போகிறது. வெப்பத்தைக் காப்பது அந்தக் காற்றுதான். ஆகவே ஈரமான மலைத் தரை முதுகிலிருந்து வெப்பத்தை நேராக உறிஞ்சிக் கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பையாக இருந்தாலும் கீழே நல்ல நுரைப்பாய் இல்லையென்றால் பிள்ளை நடுங்கத்தான் செய்யும். கடற்கரைக்குக் கொண்டு செல்லும் மெல்லிய பிளாஸ்டிக் பாய் இதற்கு உதவாது.

இன்னொன்றையும் மன்றாடிச் சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்திற்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே உயிரிழக்க நேரும். வெந்நீரை இறுக மூடக்கூடிய கெட்டியான புட்டியில் ஊற்றி, கசியவில்லை என்று உறுதி செய்து, தடித்த துணியால் சுற்றி, பிள்ளை படுப்பதற்கு முன்னரே கால்மாட்டில் வைத்துச் சூடேற்றுங்கள்; அது போதும்.

பினாங்கிலிருந்து ஒரு சாரணர் ஆசிரியர்:

எங்கள் பக்கத்து அனுபவம் இதற்கு நேர்மாறானது. தமிழ்ப்பள்ளி மாணவர்களை அனுமதி பெற்றுப் பினாங்கு தேசியப் பூங்காவிலுள்ள கெராச்சூட் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு மாணவனுக்கு அவன் பெற்றோர் அன்போடு தடித்த பையொன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கடல்மட்டத்தில் இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பிள்ளை வியர்வையில் நனைந்து, பையைத் திறந்து வெளியே வந்து, அந்த ஈரச் சட்டையோடு கடற்காற்றில் தூங்கிவிட்டான். விடியும்போது அவன்தான் நடுங்கிக் கொண்டிருந்தான். கடற்கரை முகாமுக்கு ஒரு மெல்லிய பருத்தி விரிப்பே போதும் என்று அதன் பிறகு பெற்றோருக்கு எழுதி அனுப்புகிறேன்.

ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கை மாணவர்களையே போட வைப்பேன். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலைக்கு ஐந்து டிகிரி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங்கிற்கு பத்து டிகிரி குறையும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது, எந்த இடத்திற்கு எந்தப் பை என்பது அவர்களுக்கே விளங்கிவிடுகிறது.

செராஸ், கோலாலம்பூரிலிருந்து ஒரு தந்தை:

பைக்குள் அடைத்திருக்கும் பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாத்தின் மென்தூவி அடைத்த பையை ஆசைப்பட்டு மகனுக்கு வாங்கினேன். எடை குறைவு, சூடும் நன்றாக இருந்தது. ஆனால் கூடாரத்தின் உட்சுவரில் பனித்துளி கோத்து ஒரு பக்கம் நனைந்ததும், தூவி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சூட்டை இழந்தது. வீட்டிற்கு வந்து, முழுவதும் காயுமுன்னரே உறையில் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். சில மாதங்களில் பூஞ்சை நாற்றம் வந்துவிட்டது. நம் ஊரின் ஈரப்பதத்திற்கும், படுக்கையை நனைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கை இழை அடைத்த பையே ஏற்றது. அது நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், டோபி கடை உலர்த்தியில் குறைந்த வெப்பத்தில் விரைவில் காய்ந்தும் விடும். பயன்படுத்தாத நாள்களில் எதையுமே இறுகச் சுருட்டி வைக்காமல், தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

செந்தூலிலிருந்து மீண்டும் அதே தாய்:

ஐயா, உங்கள் அம்மாவின் சொல்லை என் மகளிடம் சொன்னேன். கோணிச் சாக்கு என்றால் என்ன என்று கேட்டாள், விளக்கிச் சொன்னேன்.

நீங்கள் எல்லாரும் எழுதியதை வைத்து இம்முறை வேறுவிதமாக வாங்கினேன். பிள்ளைகள் இருவரையும் கடைக்கே அழைத்துச் சென்று, காலணியைக் கழற்றிவிட்டுப் பைக்குள் படுக்க வைத்தேன். உயரத்தைவிட இருபது, முப்பது சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக உள்ள சிறுவர் பைகளையே பார்த்தேன். மகளுக்கு எடுத்த பையின் கால்பகுதியை நாடாவால் கட்டிச் சுருக்கலாம். அவள் வளர வளர அவிழ்த்துக் கொள்ளலாம். சுகமாகத் தூங்கும் அளவு, நாங்கள் தங்கப்போகும் இடத்தின் இரவு வெப்பத்தைவிட ஐந்து டிகிரியாவது கீழே இருக்கும்படி தேர்ந்தெடுத்தேன். ஜிப்பை உள்ளிருந்து தானே திறக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் மூன்று முறை செய்து காட்டச் சொன்னேன். மகனின் விரலுக்கு ஒரு பையின் ஜிப் மசியவில்லை. நிறம் அவனுக்குப் பிடித்திருந்தும் அதை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இரவில் பயந்து விழிக்கும் பிள்ளையால் வெளியே வர முடியாத பை ஆபத்தானது. தலைமூடி முகத்தை மறைக்காமல் நெற்றியோடு நிற்கிறதா என்றும் பார்த்துக் கொண்டேன். என் தங்கையின் பத்து மாதக் குழந்தைக்கும் இதே பை வாங்கலாமா என்று அவள் கேட்டாள். கைக்குழந்தைக்கு மூச்சடைக்கும் அபாயம் உண்டு, கூடவே கூடாது என்று மறுத்துவிட்டேன்.

பின்னர் வந்த பள்ளி விடுமுறையில் அதே திடலுக்கு மீண்டும் சென்றோம். தடித்த நுரைப்பாய் இரண்டை அடுக்கி விரித்தேன். படுக்கும் முன் அன்றைய உடையைக் கழற்றி, உலர்ந்த உள்சட்டையும் புதிய காலுறையும் போட்டுவிட்டேன். இரவு மூன்று மணிக்கு, பழக்க தோஷத்தில், நான்தான் விழித்துக் கொண்டேன். கையை விட்டு மகளின் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தன.