வெள்ள நிதியின் மீதித் தொகை: ஆர்ச் கட்டுவதா, சுழல் கடனுக்குக் கொடுப்பதா?

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

வெள்ள நிவாரணத்துக்காக நாம் திரட்டிய பணத்தில் செலவழியாமல் இருக்கும் தொகையைக் கொண்டு நம் ஊர்க் கிறிஸ்தவ ஆலய வாசலில் புதிதாக ஓர் ஆர்ச் கட்டி, இடிந்த சுற்றுச்சுவரையும் உயர்த்தி எழுப்பிவிடலாம் என்று குவைத் அண்ணாச்சி எழுதியிருந்ததையும், அதற்குப் பலர் சம்மதம் தெரிவித்திருந்ததையும் படித்தேன். அண்ணாச்சியின் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடுமுறைக்குப் போய் இறங்குகிறபோது கோயில் முகப்பு அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். ஆனாலும் அந்தப் பணம், நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்திவரும், திரும்பி வருகிற தவணையை அடுத்தவருக்குக் கொடுக்கிற சுழல் கடனுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் நடந்தவை நம் எல்லாருக்கும் ஒரே விதமாக வந்து சேரவில்லை என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய காலை ஆராதனை கொட்டுகிற மழையிலேயே நடந்து முடிந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஆற்றங்கரையையே பார்த்திருக்க, நம் தெருக்களுக்குள் தண்ணீர் முதலில் நுழைந்தது குளத்துப் பக்கமிருந்துதான். மலையில் பெய்த மழை ஆற்றோடு வந்து சேருவதற்கு முன்பே ஊர் மழையே ஊரை மூடிவிட்டது என்று என் பெரியம்மா சொல்வார்கள். ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அரித்துக்கொண்டு போனது, மின்சாரம் போனது, அதற்குப் பின் கைப்பேசிக் கோபுரங்களும் அடங்கின. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த நாம் அந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள் அப்போது என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். ஆலயம் மேட்டில் இருப்பதால் கீழத்தெரு, அம்மன் கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு ஆகிய மூன்றிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். பின்னிரவில் ஆலயத்துக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது முதியவர்களையும் குழந்தைகளையும் பாடகர் மாடத்தில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் ஆல்டர் படிகளில் நின்றே விடியவைத்திருக்கிறார்கள். மறுநாள் சமையல் தொடங்கியது. அசனப் பண்டிகை என்கிற சபை விருந்துக்கென்று நாம் வைத்திருக்கும் பெரிய வார்ப்புகளும் அண்டாக்களும் சபை மண்டபத்தின் பரணில் இருந்ததால் தப்பின. விறகு எல்லாம் நனைந்து கிடக்க, உடைந்த பெஞ்சுகளையும் மண்டபத்தில் அடுக்கியிருந்த பழைய சாரப் பலகைகளையும் எரித்துத்தான் முதல் கஞ்சி காய்ச்சப்பட்டது. அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கைப்பிடி அரிசிதான். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் சபைக்குக் கொடுக்கிற அந்தப் பழைய வழக்கத்தை நம் தலைமுறை பலரும் மறந்திருப்போம். ஊரில் இருக்கும் பெண்கள் விடவில்லை. அப்படிச் சபையில் சேர்ந்திருந்த அரிசி மூட்டையாக, அதுவும் பரண்மேல், இருந்திருக்கிறது.

அசனத்துக்கு இரவெல்லாம் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற கைகளேதான் இந்தச் சமையலையும் செய்தன என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யார் அடுப்பைப் பார்ப்பது, யார் சோறு வடிப்பது, எந்தத் தெருவில் எத்தனை தலைகள் என்பதையெல்லாம் புதிதாகக் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆண்டுதோறும் சேர்ந்து செய்து பழகிய வேலை அது. இது நம் ஊரின் தனிப் பெருமையும் அல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் அகப்பட்டுக்கொண்டபோது, தங்கள் ஊரையே தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையில் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தாமிரபரணிக் கரை முழுவதும் அந்த நாட்களில் இப்படித்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஆலயத்துக்குள் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. வாலிபர் சங்கப் பிள்ளைகள் மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளினார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்த பீரோவுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையும் இரண்டு ஆசிரியைகளும் ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் செய்தித்தாளைச் செருகி, நனைந்ததை உருவிவிட்டு மறுபடி புதிதாகச் செருகி, நாள்கணக்கில் அவற்றை உலர்த்தியிருக்கிறார்கள். பழங்காலத்து மையில் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. பிற்காலத்துப் பேனா மையில் எழுதியவைதான் கலங்கிப் போயின. வீட்டில் இருந்த சான்றிதழ்களைப் பறிகொடுத்த பலருக்கு அந்தப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் சபைக் குருவான ஐயர் கடிதம் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை வழக்கமான நேரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்தது. அன்றைய காணிக்கை முழுவதையும் கீழத்தெருவுக்குப் பாயும் போர்வையும் வாங்க ஒதுக்கினார்கள். அந்தத் தெருவில் சபைக் குடும்பங்கள் மிகச் சில என்பது உங்களுக்குத் தெரியும்.

நிவாரணப் பொருட்கள் லாரிகளில் வரத் தொடங்கியபோது சபை மன்றம் எடுத்த ஒரு முடிவை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் அது எளிதாக எடுக்கப்பட்ட முடிவு அல்ல. பொருள் கொடுக்கும் இடத்தில் பேனர் கூடாது, வாங்குகிறவரைப் படம் எடுக்கக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது, ஜெபித்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று யாரையும் நிற்க வைக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். வெளியூரிலிருந்து லாரியோடு வந்த ஒரு குழு இதற்கு உடன்படாமல் திரும்பிப் போனது. வந்த அரிசியைத் திருப்பி அனுப்பலாமா என்று மன்றத்துக்குள்ளேயே கடுமையான வாக்குவாதம் நடந்திருக்கிறது. அப்போது ஊரில் அரிசிக்கு இருந்த தட்டுப்பாட்டை நினைத்தால் அந்த வாக்குவாதத்தின் நியாயம் புரியும். என்றாலும் மன்றம் செய்ததே சரி என்று நான் நம்புகிறேன். தண்ணீரில் நிற்பவரிடம் சாட்சி கேட்பது ஊழியம் ஆகாது. அம்மன் கோயில் தெருவினர் இன்றைக்கும் நம் மண்டபத்துக்கு உரிமையோடு வந்து போகிறார்கள் என்றால், அதில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு.

அதற்கு அடுத்த வாரங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகப் போய் ஒரு நோட்டு எழுதினார்கள். அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. வரிசை தெருப்படி இருக்கிறது. சாதி, சபை என்று எந்தக் கட்டமும் இல்லை. ரேஷன் அட்டை, அடுப்பு, தையல் மிஷின், ஆடு மாடு, பிள்ளைகளின் புத்தகம் என்று கட்டங்கள் போட்டு, கடைசியில் 'சொந்த வயலா, குத்தகையா' என்று ஒரு கட்டம். இந்தக் கடைசிக் கட்டத்தை யார் யோசித்துச் சேர்த்தார்களோ, அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அரசு, பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது, பெரும்பாலோருக்குக் கிடைத்தது. இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அறிவித்தார்கள். ஆனால் கயிற்றோடு அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்ந்த ஆட்டுக்கு எதைக் காட்டி மனு கொடுப்பது? பயிர் இழப்பீடு இதைவிடச் சிக்கலானது. கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேடான அடங்கலைப் பார்த்துத்தான் இழப்பீடு வழங்கப்படும். நம் ஊரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறவர்கள். அடங்கலில் அவர்கள் பெயர் வராது. கன்று வாங்கியது, உரம் போட்டது, முட்டுக் கொடுத்தது, களையெடுத்தவர்களுக்குக் கூலி கொடுத்தது எல்லாம் குத்தகைக்காரர். இழப்பீடு வந்து விழுந்தது பட்டாதாரரின் வங்கிக் கணக்கில். அந்தப் பட்டாக்களில் கணிசமானவை யார் பெயரில் இருக்கின்றன? இந்தக் குழுவில் இருக்கிற நம் பெயரிலும் நம் அண்ணன் தம்பிமார் பெயரிலும்தான். வந்த தொகையை அப்படியே குத்தகைக்காரரிடம் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு என்பதை நன்றியோடு சொல்கிறேன். எல்லாரும் கொடுத்தோமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

கொடிக்காலைப் பற்றி வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டில்தான் நம் மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கொடிக்கால்கள் தண்ணீரில் நின்றன. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் கட்டக் கூடாது; சில நாட்கள் நின்றாலே கொடி அழுகிவிடும். திரும்பப் போடுவதென்றால் முதலில் மண்ணை வெட்டிப் பாத்தி எடுத்து, அகத்தி விதைத்து, அது ஓரளவு வளர்ந்த பிறகு கொடி நட்டு, கொடி அகத்தியில் ஏறிப் படர்ந்து, இலை கிள்ளுகிற பதத்துக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? வங்கிக்குப் போனால் பட்டா கேட்பார்கள். கந்து வட்டிக்காரர் மட்டுமே எதுவும் கேட்காமல் கொடுப்பார்.

இந்த இடத்தில்தான் பெண்கள் சங்கத்தின் சுழல் கடன் தொடங்கியது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, அதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பொறுப்பேற்றால் போதும். வாரக் கூட்டத்தன்று தவணையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சேர்ந்த தொகை அன்றைக்கே நோட்டில் அடுத்த பெயருக்குப் போகிறது. தையல் மிஷின் வாங்கிய பள்ளிவாசல் தெரு அக்கா தவணையை முடித்துவிட்டு, இப்போது இன்னொருவருக்குப் பொறுப்பு நிற்கிறார். கொடிக்கால் போட்டவர்களுக்கு மட்டும் முதல் இலை கிள்ளும் வரை தவணை கேட்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கையிருப்பு வற்றிவிட்டது. குத்தகைக்காரர்கள் பலர் பெயர் எழுதிக் காத்திருக்கிறார்கள்.

இது உள்ளூர்க் காரியம், நீடிக்காது என்று நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்து நாசரேத் ஊரை நினைவூட்டுகிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) அநாதையான பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நிறுத்தியிருந்தால் இன்று அதைப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். மிஷனரி கனோன் மர்காஷிஸ் காலத்தில், 1878இல், அந்தப் பிள்ளைகள் கைத்தொழில் கற்பதற்கென்று ஒரு பள்ளியே ஏற்படுத்தினார்கள். அதன் மூலம் தச்சும் தையலும் கற்றுத் தலையெடுத்த குடும்பங்களின் சந்ததியார் நம் வட்டாரமெங்கும் இருக்கிறார்கள்.

சுற்றுச்சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத்தன்று வடக்குச் சுவர் இடிந்து விழுந்ததால்தான் ஆலய வளாகத்தில் தேங்கிய தண்ணீர் வாய்க்கால் பக்கம் வடிந்தது என்று கோயில்பிள்ளை சொல்கிறார். அதை இன்னும் உயர்த்திக் கட்டுவதற்கு முன், தண்ணீர் போக வழி விட்டுக் கட்டுவது எப்படி என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்பது நல்லது. நம் குழுவிலேயே சிவில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆர்ச் கட்டியே ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதற்கெனத் தனியாக நன்கொடை திரட்டலாம். நானும் என்னால் இயன்றதைத் தருவேன். ஆனால் வெள்ளத்துக்கென்று வாங்கிய பணத்தை அதற்கு எடுக்க வேண்டாம்.

பொருளாளர் மைனியிடம் பேசினேன். சங்கக் கணக்கிலிருந்து நேரடியாகப் பெண்கள் சங்கத்தின் கூட்டுக் கணக்குக்கு மாற்ற முடியும் என்றும், வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்புவதில் சட்டச் சிக்கல் இருப்பதால் ஊரில் உள்ள நம் சங்கக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் தொகையை மட்டும் தொடலாம் என்றும் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன் நோட்டின் நகலை, பெயர்களை மறைத்து, நமக்கு அனுப்பவும் பெண்கள் சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அகத்தி விதைக்கிற பருவம் தவறுவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும். ஆகவே மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாகக் குவைத் அண்ணாச்சி, இந்த மாதத்துக்குள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்துவிடலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள், நம் பெயரில் வரும் இழப்பீட்டை இனிமேல் பயிரிட்டவரிடமே கொடுத்துவிடுவோம் என்று ஒரு கடிதம் எழுதிச் சபை மன்றத்தில் ஒப்படைக்கலாம் என்ற யோசனையையும் அந்தக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். என் கடிதத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் சகோதரன்