அப்பாவின் கிளாக்கோமா ஆபரேஷன்: மருந்தைப் பஞ்சில் வைப்பதா, ஊசியாகப் போடுவதா?

தாமிரபரணி:
அப்பாவுக்கு 67 வயது. கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். வலது கண்ணில் இரண்டு வருடத்துக்கு முன் டிராபெகுலெக்டமி (கண்ணில் தேங்கும் நீர் வடிய வழி திறக்கும் ஆபரேஷன்) செய்தார்கள். மைட்டோமைசின் மருந்தைப் பஞ்சில் நனைத்து வைத்ததாக டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. இப்போது இடது கண்ணில் மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டும் கண் பிரஷர் 26-ஐ விட்டு இறங்கவில்லை. இந்த முறை பார்க்கும் டாக்டர் அதே மருந்தை ஊசியாகப் போடுவேன் என்கிறார். "புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குள் குத்துவார்களா?" என்று அப்பா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இரண்டில் எது நல்லது?

தியேட்டர் சிஸ்டர்:
கிளாக்கோமா தியேட்டரில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன் தங்கச்சி. முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஊசி கண்ணுக்குள் போகாது. வெள்ளைவிழியின் மேல் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது அல்லவா, அதற்கு அடியில்தான் போடுவார்கள். அதுவும் கருவிழி ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, மேல் இமைக்குக் கீழே.

மருந்து எதற்கு என்றால், கண்ணில் தேங்கும் நீர் வடிய டாக்டர் ஒரு வழி திறக்கிறார். உடம்பு அதைக் காயம் என்று நினைத்துத் தழும்பு கட்டி அடைக்கப் பார்க்கும். மைட்டோமைசின் அந்தத் தழும்புச் செல்கள் பெருகாமல் தடுக்கும்.

பஞ்சு முறையில் பஞ்சைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பது என் வேலை. எங்கள் தியேட்டரில் மில்லிக்கு 0.2 மில்லிகிராம் கலவை. ஊதா நிறத்தில் இருக்கும். சவ்வைத் திறந்து, துண்டுகளை அடியில் பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்து, நிறைய நீர் விட்டுக் கழுவுவார்கள். எத்தனை துண்டு உள்ளே போனதோ அத்தனையும் வெளியே வர வேண்டும். நான் வாய்விட்டு எண்ணுவேன், டாக்டர் திருப்பிச் சொல்வார். ஒருநாள் ஐந்து வைத்து நான்குதான் வந்தது. சவ்வைத் தூக்கித் தேடினால் ஐந்தாவது பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊதாக் கறைதான் காட்டிக்கொடுத்தது. அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஊசியில் இந்தத் தேடல் இல்லை. ஆபரேஷன் தொடங்கும் முன்பே 0.1 மில்லி, சுமார் இரண்டு சொட்டு, போட்டு, கருவிழிப் பக்கம் வராமல் பின்னால் தள்ளித் தடவிவிடுவார்கள். எவ்வளவு போனது என்று துல்லியமாகத் தெரியும். பஞ்சு எவ்வளவு நனைந்தது, எவ்வளவு ஊறியது என்பதைக் கணக்கிட முடியாது. ஆனால் பஞ்சை நேரம் பார்த்து எடுத்துவிடலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் அளவைக் குறைவாகவே வைக்கிறார்கள்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் பிரஷர் இறங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட கண்களில், வடியும் நீர் சவ்வுக்கு அடியில் சேர்ந்து உண்டாகும் நீர்க்கொப்புளம் தட்டையாக, பரவலாக அமைவதை நானும் பார்க்கிறேன். பழகிய கை எந்த முறையில் பழகியதோ அதையே நான் நம்புவேன்.

ஓய்வு வாத்தியார்:
எனக்குப் போன ஆடியில் ஊசி முறையில்தான் செய்தார்கள். மரத்த கண், ஒரு அழுத்தம் மட்டும் தெரிந்தது. அம்மா, முதல் மாத விசிட் ஒன்றையும் விடாதீர்கள். மூன்றாவது வாரம் எனக்குக் கொப்புளம் சிவந்து தழும்பு கட்டத் தொடங்கியது. உடனே கவனித்து தழும்பைத் தடுக்கும் 5-எஃப்யூ என்ற வேறு ஊசி போட்டார்கள், தையலையும் லேசரில் தளர்த்தினார்கள். இப்போது பிரஷர் 13.

தாமிரபரணி:
நன்றி சிஸ்டர், நன்றி சார். வாசித்துக் காட்டினேன், அப்பா இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு சந்தேகம். பழைய வலது கண்ணில் இமையைத் தூக்கினால் அந்தக் கொப்புளம் வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்து, மெலிந்து தெரிகிறது. அது சரியா?

தியேட்டர் சிஸ்டர்:
மருந்து சின்ன இடத்திலேயே தங்கினால் ரத்தக்குழாய் இல்லாமல் அப்படி மெலிவது உண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் டாக்டர் பெங் கா குழுவினர் பஞ்சை அகலமாகப் பரப்பி வைக்கச் சொன்னது இதனால்தான். பிரஷர் சரியாக இருந்தால் பயப்படாதீர்கள், ஆனால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கண்ணை அப்பா தேய்க்கக் கூடாது. சிவந்தாலோ, பீளை கட்டினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அது தொற்றாக இருக்கலாம். இரவு பதினொன்று ஆனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.