ஆவியா, திவலையா? லெஜியோனெல்லா நிமோனியாவுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புடையீர், வணக்கம்.

லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நிமோனியாவுக்குப் படைவீரர் நோய், நீர்வழி நிமோனியா, நீராவிக் காய்ச்சல் என்று மூன்று பெயர்கள் நம் கலைச்சொல் விவாதத்தில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பெங்களூரில் பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளில் ஓடும் நீரைச் சோதிப்பது என் தொழில். அவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அவர்கள் படித்துப் பயன்பெறும் எச்சரிக்கைப் பலகைக்காகவே இந்தச் சொல் எனக்கு வேண்டியிருக்கிறது.

பலகையின் முதல் வரைவில் நானும் 'நீராவி' என்றே எழுதியிருந்தேன். அதைப் படித்த பராமரிப்பாளர் ஒருவர், "சார், இது சுடவே இல்லையே, இதைப் போய் ஆவி என்கிறீர்களே?" என்று கேட்டார். அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. மார்கழிக் காலையில் கூலிங் டவரின் (குளிரூட்டும் அமைப்பில் சூடேறிய நீரை ஆறவைக்கும் கோபுரத்தின்) தலைக்கு மேல் வெண்மையாக எழுவது பெரும்பாலும் ஆவியாகிப் போன நீர் வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் துளித்த மூட்டம்; நீர் ஆவியாகும்போது பாக்டீரியா அதனோடு கிளம்புவதில்லை. ஆனால் விசிறி இழுக்கும் காற்று, கோபுரத்துக்குள் சிதறி விழும் நீரையே பொடித் துளிகளாக வாரிக்கொண்டு வெளியேறும்போது, தொட்டியில் வளர்ந்த கிருமி அந்தத் துளிக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துளிகள் மூச்சோடு நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். ஷவரும் செயற்கை நீரூற்றும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. எனவே 'ஆவி' என்னும் சொல்லை அறவே விலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

'நீர்வழி' என்றதும் நம் நினைவுக்கு வருவது காலராவும் டைபாய்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். இந்நோயோ குடிப்பதால் வருவது அரிது, மூச்சில் இழுப்பதால் வருவதே வழக்கம். 'காற்றுவழி' என்று மாற்றினாலும் இடர் தீராது; இது பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாத நோயாக இருக்க, கொரோனாவைப் போல் நோயாளியைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிடும்.

படைவீரர் நோய் என்பது 'லெஜியனேர்ஸ் டிசீஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர் அமைப்பினரிடையே நோய் பரவிப் பலர் இறந்ததும், அடுத்த ஆண்டு ஜனவரியில் கிருமி கண்டறியப்பட்டதும் அப்பெயரின் வரலாறு. தொழிலையோ மக்கள் குழுவையோ சுட்டிப் புதிய நோய்க்குப் பெயரிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியபோது, தவிர்க்க வேண்டியவற்றுக்கு எடுத்துக்காட்டாக இதையும் சேர்த்திருந்தது. அவர்களே தவிர்க்கச் சொல்லும் வகைப் பெயரை நாம் ஏன் புதிதாகச் சுமக்க வேண்டும்?

என் முன்மொழிவு: நீர்த்திவலை நிமோனியா.

'துவலை' என்னும் சங்கச் சொல்லே முதலில் என்னை ஈர்த்தது. நுண்மழைத் துளிக்கு அதைவிட அழகான சொல் இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது கேட்டவர்கள் அதைத் துவாலை என்றே எடுத்துக்கொண்டார்கள். சாரலும் தூவானமும் மழையை விட்டுப் பிரிய மறுக்கின்றன. இங்கே கன்னடத்தில் தூறலைக் குறிக்கும் 'துந்துரு' என்பதற்கும் அதே நிலைதான். திவலை அப்படியன்று; அருவியிலிருந்தும் அலையிலிருந்தும் தெறிப்பதையும் திவலை என்றே சொல்கிறோம், நீர் உடைந்து சிதறுவது அச்சொல்லிலேயே தெரிகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களையும் நுண்துளிகளையும் குறிக்கும் ஏரோசாலுக்கு இவ்விவாதத்தில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த 'தூசிப்படலம்' திண்துகளுக்குப் பொருந்தும், நீர்த்துளிக்கு ஒட்டாது; அந்த இடத்தில் 'நுண்திவலை' என்று வைக்கலாம். புணர்ச்சி விதிப்படி நுண்டிவலை என்றாக வேண்டும் என்பதை அறிவேன். பலகையில் படிப்பவருக்காகப் பிரித்தெழுத அனுமதி கேட்கிறேன். 'நுரையீரல் அழற்சி' மருத்துவ நூலில் இருக்கட்டும். நிமோனியா எல்லோர் வாயிலும் ஏற்கெனவே தமிழாகிவிட்டது.

இந்தப் பெயரால் மருத்துவருக்கும் ஒரு பயன் உண்டு. கிருமி உள்ளே போய் இரண்டு முதல் பத்து நாட்கள், சில வேளை அதற்கும் மேல் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், நோயாளி தான் போய் வந்த இடத்தை மறந்திருப்பார். பெயரிலேயே திவலை இருந்தால், எங்கே தங்கினீர்கள், எந்தத் தண்ணீரின் அருகில் நின்றீர்கள் என்ற கேள்வி தானாக எழும். உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகும் இக்கிருமிக்குப் பென்சிலின் வகை மருந்துகள் பயன்படா; அசித்ரோமைசின், லெவோபிளாக்சசின் போன்றவை வேண்டும். அதனால் அந்தக் கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்பட்டாக வேண்டும்.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. கோபுரத் தொட்டியின் உட்சுவரில் விரலை வைத்தால் பழுப்பாக வழுக்கிக்கொண்டு வருமே, அந்தப் படலத்தில்தான் இக்கிருமி அமீபாக்களுக்குள் ஒளிந்து, மருந்திட்ட நீரிலும் பிழைத்துக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'பயோபிலிம்' எனப்படும் அதை 'உயிர்ப்படலம்' என்று நான் எழுதியிருந்ததைத் தாண்டி, அதே பராமரிப்பாளர் விரலைத் துடைத்துக்கொண்டே, "மீன் கழுவும்போது கையில் ஒட்டுமே, அந்த வழும்பு மாதிரி" என்றார். 'வழும்புப்படலம்' என்று வைப்பதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?