ஃபிரிட்ஜ்ல மேல பனிமலை, கீழ இட்லி மாவு பொங்குது – கேஸ் போச்சுன்னு மெக்கானிக் சொல்லுதாரு, நெசந்தானா?

கல்லிடை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். எங்க வீட்டுல இருக்கது டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், வாங்கி 11 வருசம் ஆச்சு, இத்தன நாள் ஒரு மக்கர் பண்ணல. ஆனித் தேர் பாக்க சொந்தக்காரவுக எல்லாம் வந்து ஒரு வாரம் இங்கதான் தங்கினாவ, கதவத் தொறக்க மூட தொறக்க மூடன்னு ஒரே கூத்து, அது முடிஞ்சதுல இருந்துதான் இந்தப் பாடு. ஃப்ரீசர்ல பின்பக்கத் தட்டு மேல வெள்ளையா பனி படியுது, கீழ ஒன்னும் குளிரல, ராத்திரி வச்ச மாவு விடியக்காலம் பொங்கி வழிஞ்சு கெடக்கு, நேத்து சொதி ஒரு சட்டி அப்படியே கொட்டுனேன். மெக்கானிக் ஒருத்தர் வந்து எதையும் கழத்தாம கைய மட்டும் உள்ள விட்டுப் பாத்துட்டு கேஸ் லீக், 3,500 ஆவும்னுட்டுப் போயிட்டாரு. ஆனா ஒரு நாள் ஃபுல்லா ஆஃப் பண்ணி தொறந்து போட்டு மறுபடி போட்டா 8 நாள் சூப்பரா ஓடுது, பெறவு பழைய குருடி கதவத் தொறடி கததான். கேஸ் இல்லன்னா அந்த 8 நாள் மட்டும் எப்படி ஓடும்?

பேட்டைக்காரன்:
ஸ்டெபிலைசர் இருக்கா? எங்க தெருவுல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் படுத்துரும்.

கல்லிடை அக்கா:
இருக்கு தம்பி, 220 காட்டுது.

பாளை பழைய ஸ்பேனர்:
தங்கச்சி, நீ கேட்ட கடைசிக் கேள்விலயே பதில் இருக்கு. போன கேஸ் எட்டு நாளைக்கு ஒருக்கா திரும்பி வராது. உன் ஃபிரிட்ஜ்ல குளிர் உண்டாவது மேல ஃப்ரீசர் தட்டுக்குப் பின்னால இருக்க காயில்ல (வளைஞ்சு வளைஞ்சு போற கொழாய்) மட்டுந்தான், அங்கிருந்து ஃபேன் காத்த ஊதி கீழ அனுப்புது. நாம தொறக்கும்போது உள்ள போற ஈரமெல்லாம் அந்தக் காயில்ல பனியா ஒட்டும், அத சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருக்கா டைமர் கம்ப்ரசர நிறுத்திட்டு ஹீட்டரப் போட்டு உருக்கணும். அது நடக்கல, அதான் பனி அடைச்சு காத்து கீழ எறங்கல. விருந்தாளி மேல பழி போடாத, என்னைக்கோ செத்தது இந்தக் கூட்டத்துல வெளிய தெரிஞ்சிருக்கு.

பிளக்க உருவிட்டு தட்டக் கழத்திப் பாரு. காயில் பூரா பஞ்சு மாதிரி மூடியிருந்தா டீஃப்ராஸ்ட், அதான் பனி உருக்குற வேலை, கோளாறு. ஒரு ஓரத்துல மட்டும் பனி, மிச்சக் கொழாய் காஞ்சு கெடந்தா அப்பதான் கேஸ் பத்திப் பேசணும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வச்சு மட்டும் குத்திராத, கொழாய் ஓட்டையாச்சுன்னா செலவு எங்கயோ போயிரும், அதுவும் பின்னால ஸ்டிக்கர்ல ஆர்600ஏ-ன்னு போட்டிருந்தா அது தீப்பிடிக்கிற கேஸ்.

கல்லிடை அக்கா:
கழத்திட்டேன் அண்ணாச்சி (எங்க வீட்டுக்காரர் டார்ச் பிடிச்சாவ, அவ்ளோதான்). ஒரு ஓரமும் விடாம வெள்ள வெளேர்னு இருக்கு.

பாளை பழைய ஸ்பேனர்:
அப்போ கேஸ் நல்லாத்தான் இருக்கு. 11 வருசம்னா அனேகமா சுத்துற டைமராத்தான் இருக்கும், மாடலுக்கு மாடல் எடம் மாறும். தட்டத் திருப்பி மாட்டிட்டு கரண்டப் போட்டு, அதுல இருக்க காடிய ஸ்க்ரூடிரைவரால மெதுவா வலப்பக்கம் திருப்பு, டக்னு ஒரு சத்தம் கேட்டு கம்ப்ரசர் நிக்கும். ஹீட்டர் வேலை செஞ்சா கொஞ்ச நேரத்துல தண்ணி சொட்டி சுர்ர்ர்னு சத்தம் வரும்.

கல்லிடை அக்கா:
கம்ப்ரசர் நின்னுச்சு, கால் மணி நேரமா காத வச்சுக்கிட்டு நிக்கேன், ஒரு சுர்ரும் இல்ல.

வள்ளியூர் வயர்மேன்:
பைமெட்டல் (சூட்டப் பாத்து ஹீட்டர நிறுத்துற சின்ன சுவிட்ச்) போயிருக்கும், அதோட ரெண்டு வயர முறுக்கி டைரக்ட்டா குடுத்துருங்க, செலவே இல்ல. நான் எங்க வீட்டுல அப்படித்தான் போட்டிருக்கேன்.

பாளை பழைய ஸ்பேனர்:
ஏ வே, வாயக் கழுவும்! பைமெட்டல்தான் பனி உருகி காயில் ஒரு 10 டிகிரி தாண்டுனதும் ஹீட்டர நிறுத்துது. அத முறுக்கிட்டா டைமர் முடியிற வரைக்கும் ஹீட்டர் எரியும், டைமர் மாட்டிக்கிச்சுன்னா உள்ள இருக்க பிளாஸ்டிக் உருகும். முதல்ல உம்ம வீட்டுல போயி அதப் பிரிச்சு விடும்.

தங்கச்சி, பிளக்க உருவிட்டு மல்ட்டிமீட்டர்ல பாரு. ஹீட்டர் 150 வாட்னா 350 ஓம் பக்கம் காட்டணும், ஒன்னுமே காட்டலன்னா அறுந்துபோச்சு. சூடு மிஞ்சுனா ஹீட்டர் கரண்ட வெட்டுற ஃபியூஸ் எப்பவும் சைபர் காட்டணும். பைமெட்டல்லதான் பாதிப்பேரு ஏமாறுவாங்க, சாதாரண சூட்டுல அது ஓப்பனாத்தான் இருக்கும், மீட்டர்ல ஒன்னும் காட்டாது, அது பழுது இல்ல. பனி உருகுறதுக்கு முன்னால, காயில்ல ஒட்டி ஜில்லுனு இருக்கும்போதே பாக்கணும், அப்ப சைபர் வரணும்.

கல்லிடை அக்கா:
பக்கத்து வீட்டுத் தம்பி மீட்டர் கொண்டாந்தான். ஹீட்டர் 348, ஃபியூஸ் சைபர், பைமெட்டல் பனிக்குள்ள பொதஞ்சு கெடக்கும்போதும் ஒன்னுமே காட்டல. கையில எடுத்துப் பாத்தா முதுகு உப்பி வெடிச்சிருக்கு.

பாளை பழைய ஸ்பேனர்:
கள்ளன் சிக்கிட்டான். ஃபியூஸோட சேந்து ஒரே செட்டா வரும், பழசக் கையில கொண்டுபோயி அதே மாதிரி கேளு, சில நூறு ரூவாதான். கிளிப் காயில்ல இறுக்கமா உக்காரணும், ஜாயிண்ட்டுக்குள்ள ஈரம் போவாம ஸ்லீவ் போடச் சொல்லு. வயர் வெட்டி ஒட்டுற வேலைய தெரிஞ்ச ஆள வச்சே செய்யி.

கல்லிடை அக்கா:
அம்பையில கெடைக்கல, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போயி வாங்கி அந்தத் தம்பியே மாட்டிட்டான். 12 நாள் ஆச்சு, பனியே இல்ல, மாவு கல்லு மாதிரி இருக்கு. ஆனா இப்ப காய்கறி டப்பாவுக்கு அடியில தண்ணி தேங்குதே?

பாளை பழைய ஸ்பேனர்:
இத்தன நாள் உருகாத தண்ணி இப்ப உருகுதுல்லா, அது கீழ போற ஓட்டைய ஐஸ் அடைச்சிருக்கும். காயில் அடியில இருக்க ஓட்டையில சிரிஞ்ச் வச்சு வெதுவெதுன்னு தண்ணி அடி, பின்னால கம்ப்ரசர் மேல உள்ள தட்டுல வந்து விழுந்தா வழி தொறந்துட்டுன்னு அர்த்தம். பிளக்க உருவிட்டு செய்யி.

கல்லிடை அக்கா:
விழுந்துட்டு அண்ணாச்சி! கூடவே ஒரு முழு கருவேப்பில இணுக்கும் வந்துச்சு, மேல ஃப்ரீசர்ல அது எப்படிப் போச்சுன்னுதான் எங்க மாமியாரக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

வள்ளியூர் வயர்மேன்:
நானும் பிரிச்சுட்டேன் அண்ணாச்சி. உள்ள ஒரு எடத்துல பிளாஸ்டிக் மஞ்சளாத்தான் இருந்துச்சு.